மடியில் ஒரு பள்ளம்

நேற்று வரைந்த மடிப்பு இன்று அங்கே இல்லை. கித்தான் படத்தில் முழங்காலுக்குக் கீழே மூன்று மடிப்புகள் இறங்கின. மரப்பொம்மைக்கு உடுத்தியிருந்த நீலப் பட்டுப் புடவையில் இரண்டுதான் இருந்தன.

ஓவியக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்மைக்கு உடுத்தி உட்கார வைத்துவிட்டால், படம் முடியும்வரை யாரும் துணியைத் தொடக்கூடாது. ஒரு மடிப்பு நகர்ந்தாலும் அதன் நிழல், பளபளப்பு, சரிகை போகும் போக்கு எல்லாமே பாழ். வீட்டில் இருப்பதோ அவளும் நான்கு வயது மகளும்தான். மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நான் தொடலம்மா. அவங்கதான் நகர்ந்து எனக்கு எடம் விட்டாங்க."

நன்றாகத்தான் கதையளக்கிறாள் என்று நினைத்து, மகளை உள்ளறையில் தூங்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

புடவை, செத்துப்போன ஒரு பெண்ணுடையது. முகத்தைப் புகைப்படம் பார்த்து வரைந்தாயிற்று. பிள்ளைக்காக ஏங்கி ஏங்கியே போய்ச் சேர்ந்தாள் என்று, புடவையைக் கொடுத்துப் படம் கேட்ட அவளுடைய கணவர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் புடவையின் பக்கம் திரும்பவே இல்லை.

துணி வரைவதில் ஓவியக்காரிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனதில் இருப்பதை வரைவது சோம்பேறி வேலை, கண்ணில் படுவதைத்தான் வரைய வேண்டும் என்பாள். ஆகவே பழைய மடிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இப்போது இருப்பதை வரைய ஆரம்பித்தாள். எண்ணெய் வாசனையோடு பட்டில் இன்னும் ஒட்டியிருந்த யாரோ ஒருத்தியின் பவுடர் வாசனையும் கலந்து அறையை நிறைக்க, ஜன்னல் வெளிச்சம் சாயச் சாய, தூரிகையின் சரசரப்புக்கு நடுவே பட்டு உரசும் சத்தம் கேட்பதும் கேட்காததுமாக இருந்தது. நிமிர்ந்தாள். மடியில் துணி லேசாகத் தழைந்திருந்தது. அதை வரைந்தாள். மறுபடி நிமிர்ந்தபோது இன்னும் தழைந்திருந்தது. சும்மா தொய்ந்த துணி இப்படி ஓரத்தில் விறைக்காது. சின்ன கனம் ஒன்று உட்கார்ந்தால்தான் இப்படிப் பள்ளம் விழும்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. இத்தனை உயிரோடு ஒரு துணியை அவள் வரைந்ததே இல்லை. பள்ளத்துக்கு நிழல் வைத்தாள். கடைசியாக முந்தானை. அங்கே பட்டு ஒரு பிடியாகக் கசங்கியிருந்தது.

சின்னப் பிடி.

தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளறைக் கதவு சாத்தியபடியே இருந்தது. போர்வைக்குள் மகள் சுருண்டு கிடந்தாள். முழங்கால் மேடு. தோள் மேடு. அப்பாடா என்று குனிந்து தொட்டாள்.

அமுங்கியது.

உள்ளே யாருமில்லை. மெத்தை சூடாகக்கூட இல்லை.

திரும்பி ஓடி வந்தாள். பொம்மையின் மேல் பட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும். மடி காலி. பள்ளம் மட்டும். முந்தானையில் அந்தப் பிடி இறுகியது.

"அம்மா," என்றது மகளின் குரல், தூக்கக் கலக்கத்தில்.

அவள் வாயைத் திறப்பதற்குள், மரப்பொம்மைக்குள்ளிருந்து யாரோ "ம்" என்றார்கள்.

பட்டு ஆடுவது நிற்கவில்லை.