பேனாக் கோட்டைத் தாண்டி

தம்பியைக் கட்டிலில் கிடத்தியபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. அதே வார்டு, அதே ஜன்னலோரக் கட்டில். போன கோடையில் அவள் புருஷன் கண்ணை மூடியது இதில்தான். ஈரல் கெட்ட மனுஷன், சொன்ன பேச்சைக் கேட்காமல் வேகவைக்காத சிப்பியை அப்படியே உறிஞ்சித் தின்றான். இரண்டே நாளில் ஆள் போய்விட்டான்.

இப்போது தம்பி. நேற்று சிப்பி உடைக்கும்போது கத்தி விரலில் கீறியது. அவர்கள் வேலை பார்க்கும் சிப்பிக் கொட்டகையில் கீறல் பட்டால் யாரும் மருந்து தேட மாட்டார்கள்; கடல்தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கி எடுப்பார்கள்.

"உப்புத் தண்ணிதானே டாக்டர், புண்ணு ஆறிடும்னு..."

"வெயில்ல சூடேறின கடல்தண்ணிம்மா. கிருமி அதுலதான் பெருகும். உங்க வீட்டுக்காரருக்குச் சிப்பியோட வயித்துக்குள்ள போன அதே கிருமி, இவனுக்குக் கீறல் வழியா போயிருக்கு." டாக்டர், தம்பியின் விரலிலிருந்து ஏறிய சிவப்பு மணிக்கட்டுக்கு மேலே முடிந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "மருந்து ஏறுது. இந்தச் சிவப்பு முழங்கையைத் தாண்டினா கையை எடுக்கவேண்டி வரும். பார்த்துக்கிட்டே இருங்க."

அவள் இமை கொட்டாமல் பார்த்தாள்.

சிவப்பு கோட்டின்மேல் ஊர்ந்தது.

தாண்டியது.

பட்டப்பகல்தான். ஆனாலும் ஜன்னல் பக்கம் மங்கிக்கொண்டு வந்தது. உப்பு வாடை அடித்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். அந்த அறையில் குழாயே கிடையாது.

கட்டிலின் ஓரம் யாரோ உட்கார்ந்த மாதிரி தாழ்ந்தது.

"அக்கா..." தம்பி முனகினான். "மாமா வந்திருக்காரு. கையை விடமாட்டேங்கிறாரு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "என்னைத் தனியா தவிக்க விட்டுட்டுப் போனது பத்தாதா?" என்று வெறும் காற்றிடம் கிசுகிசுத்தாள். "துணை வேணும்னா வேற ஆளைப் பாருங்க. என் தம்பிமேல கை வைக்காதீங்க!"

சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் திரும்பி வந்து தம்பியின் கையைப் புரட்டிப் பார்த்தார். "அட, சிவப்பு இதோட நின்னுடுச்சே! பிழைச்சான் போங்க. ஆமா, யாரு இப்படி அழுத்திப் பிடிச்சது?"

முழங்கைக்குக் கீழே ஐந்து விரல் தடம். அதற்கு மேல் சிவப்பு ஒரு நூல்கூட ஏறவில்லை.

அடப்பாவமே, தடுக்கத்தான் வந்தாரா! அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தாள்.

கை எழவில்லை.

வெதுவெதுப்பான ஈர விரல்கள் அவள் முழங்கைக்குக் கீழே இறுகியிருந்தன.

மெல்லக் குனிந்து பார்த்தாள். நேற்று அவளும் அதே தொட்டியில் அலசிக்கொண்ட கட்டைவிரல் கீறலைச் சுற்றிச் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.