காசிநாதன் வீட்டு உள்ளறை

ரவிக்கை கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் திலகவதிக்கு முதலில் உறுத்தியது. பினாங்கிலிருந்து கப்பலில் வந்து, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்து அரை நாள்கூட ஆகவில்லை. குளித்துவிட்டு வந்தவளிடம் லோகாம்பாள் பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டிய ரவிக்கை அது. அந்துருண்டை வாசனையையும் மீறிக்கொண்டு அதிலிருந்து யாருடைய வியர்வையோ மெல்ல வீசியது.

"யாரோடதுங்க இது?"

"எங்க பொண்ணு ஏலவார்குழலியோடதும்மா. உன் வயசுதான். ஜுரம் கண்டு காலு ரெண்டும் விளங்காம பூட்டுது. உள்ளறையில படுத்துக்கினு இருக்குது. நீ அந்தப் பக்கம் போவாதே, என்ன?"

அது அறுபத்தொன்பதாம் வருஷம். தமிழ் வித்வான் படிப்புக்காக அப்பா அவளை அனுப்பியிருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஏற்பாடான வீடு. லோகாம்பாளின் கணவர் காசிநாதன் முன்கூடத்துத் தறியில் பகலெல்லாம் பட்டு நெய்வார், அதிகம் பேசமாட்டார். உள்ளறையிலிருந்து மகள் "நைனா" என்று கூப்பிட்டால் மட்டும் தறியை நிறுத்திவிட்டு எழுந்து போவார். அன்பாகத்தான் வைத்துக்கொண்டார்கள். தலைவாரிப் பூ வைத்துவிடுவாள் லோகாம்பாள். வாரும்போது சில சமயம் கை நின்றுவிடும். விரல்கள் திலகவதியின் காதை, தாடையை, கழுத்தைத் தடவிப் பார்க்கும், அளவெடுப்பதுபோல.

காலேஜ் விட்டு வந்ததும் அவள் கூடத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். தறி ஓடும்வரை ஒன்றும் தெரியாது. காசிநாதன் காப்பி குடிக்க எழுந்து, கட்டைகளின் தடதடப்பு அடங்கி, வீடு முழுக்கப் பச்சைப் பட்டின் நெடி மட்டும் மிஞ்சும் அந்த நேரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்கும். அவள் படித்த வரியே. முதலில் எதிரொலி என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் அவள் படிப்பதை நிறுத்தியபோது அது நிற்கவில்லை.

"சரிலா... வேணாம்லா... போயிட்டு வர்றேன்லா..."

பினாங்குப் பேச்சு. அவளுடைய இழுப்பு. அவளுடைய குரலேதான்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியநாயகி வாசலில் அவளைப் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்தாள். "குழலி! எழுந்து நடமாடுறியாமா? காலு தேவலாமா?"

"நான் திலகவதிங்க."

பெரியநாயகி சிரித்தாள். "என்னா விளையாட்டு இது?"

அன்று மாலையே திலகவதிக்கு முழங்காலுக்குக் கீழே மரத்தது. அடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. பயந்துபோய், காலை இழுத்து இழுத்துத் தபாலாபீசுக்குப் போய் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தாள். உடனே வாங்க.

திரும்பி வந்தவள் வாசற்படியில் விழுந்தாள். அதன்பிறகு எழவில்லை.

லோகாம்பாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். உள்ளறையில் யாரோ அப்பளம் கடித்தார்கள். மொறுமொறுவென்று. பிறகு காலடி. தடுமாறும் காலடி. நாளாக ஆக, தடுமாறாத காலடி.

ஒரு மத்தியானம் கண் விழித்தபோது கூரை வேறாக இருந்தது. ஜன்னல் இல்லை. பாய் முழுக்க ஈரம். உள்ளறை.

வாசலில் கார் சத்தம்.

"திலகா!" அப்பாவின் குரல்.

"அப்பா! எவ்ளோ மெலிஞ்சிட்டீங்கலா!"

திறந்திருந்த கதவு வழியே தெரிந்தது. அவளுடைய நீலப் பாவாடை. அவளுடைய பின்னல். அப்பாவின் தோளில் சாய்ந்திருந்த முதுகு. அப்பா அழுதார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்தார்.

"அங்க படுத்திருக்கிறது யாரும்மா?"

"எங்க பொண்ணுங்க," என்றாள் லோகாம்பாள். "முடியாம கெடக்குது."

அப்பா நிலைப்படிக்கு வந்தார். குனிந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். அவர் மூச்சில் சுருட்டு வாசனை.

"பாவம்," என்றார். திரும்பினார்.

போய்விடுவார். இப்போது அப்பா என்று கூப்பிட வேண்டும். இப்போதே. நாக்கு புரண்டது. இருந்த பலம் அத்தனையும் சேர்த்துக் கத்தினாள்.

"நைனா!"

அப்பா நிற்கவில்லை. முன்கூடத்தில் தறிதான் நின்றது.

"தோ வந்துட்டேம்மா," என்றபடி காசிநாதன் எழுந்து வந்தார்.