அம்மாவின் சைக்கிளுக்குப் புது பெடல்

தொம்மலூர் சிக்னலில், நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில், தர்ஷினியின் அம்மா சைக்கிளோடு அப்படியே சாய்ந்து விழுந்தார்.

வேகமாகப் போய் விழவில்லை. யாரும் இடிக்கவும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தார், விழுந்துவிட்டார். அவ்வளவுதான்.

முழங்கையில் பட்ட சிராய்ப்பு நான்கு நாளில் ஆறிவிட்டது. பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்த்துச் சிரித்த முகங்களைத்தான் அம்மாவால் மறக்க முடியவில்லை.

அது ரோடு பைக் என்கிற வேகச் சைக்கிள். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர். பத்து வயது தர்ஷினியே அதன் முன்பக்கத்தை ஒற்றைக் கையால் தூக்கிவிடுவாள். அம்மாவின் ஆபீஸ் தோழி ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் பெடல்கள் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அவற்றுக்கென்று தனி ஷூ உண்டு. ஷூவின் அடியில் இருக்கும் கட்டை, 'டக்' என்று பெடலில் மாட்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். சிக்னலில் அம்மா அதை மறந்துபோனார்.

அன்றைக்கே சைக்கிள் பால்கனிக்குப் போய்விட்டது. அதன் மேல் ஈரத் துண்டு காய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார்: "சைக்கிளைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒருத்தர் பார்க்க வர்றார்."

தர்ஷினி கையில் இருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அந்தச் சைக்கிள் வந்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அம்மாவும் அவளும் அல்சூர் ஏரி வரை போயிருந்தார்கள். அம்மா பெரிய சைக்கிளில், அவள் தன் சின்னச் சைக்கிளில். அந்த நேரத்தில் மட்டும்தான் அம்மா ஆபீஸ் போனைத் தொடவே மாட்டார்.

"அம்மா, நீ சைக்கிளால விழுந்தியா, பெடலால விழுந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. உன் கால் வெளியே வரல. அதனால விழுந்தே. சாதாரண தட்டைப் பெடல் போட்டா?"

"ரோடு பைக்குக்கு இந்த மாதிரிப் பெடல்தான் தர்ஷி" என்றார் அப்பா. "அப்பதான் வேகமா போகும்."

"அம்மா பந்தயத்துக்கா போறாங்க? ஏரியைச் சுத்திட்டு, தட்டு இட்லி சாப்பிட்டுட்டு வர்றோம். அதுக்கு எதுக்கு வேகம்?"

அப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

"நான் மாத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"என்ன வேணா பண்ணு" என்றார் அம்மா. "வர்றவர் முன்னாடி சைக்கிள் ஒழுங்கா நின்னா சரி."

சனிக்கிழமை மதியம் தர்ஷினி அப்பாவின் ஸ்பேனரோடு பால்கனியில் உட்கார்ந்தாள். வலது பெடலில் ஸ்பேனரை மாட்டி இடப்பக்கமாகத் திருப்பினாள். அசையவில்லை. ஸ்பேனரின் நுனியில் கால் வைத்து மிதித்தாள். 'கிரீச்' என்று இளகியது.

இடது பெடலையும் அப்படியே திருப்பினாள். அது அசையவே இல்லை. இன்னும் பலமாக மிதித்தாள். முன்னைவிட இறுகியதுதான் மிச்சம். உள்ளங்கால் சிவந்துவிட்டது.

"அப்பாவைக் கூப்பிடவா?" என்று உள்ளே இருந்து கேட்டார் அம்மா.

"வேண்டாம். யோசிச்சிட்டு இருக்கேன்."

கழற்றிய பெடலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதன் தண்டில் பொடி எழுத்தில் R என்று இருந்தது. மாட்டியிருந்ததில் L என்று இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி என்றால் எதற்கு எழுதி வைக்க வேண்டும்? ஒருவேளை இதன் மரை வேறு பக்கம் திரும்புமோ?

ஸ்பேனரை மாற்றி வைத்து, எதிர்ப்பக்கமாக மிதித்தாள். பெடல் சமர்த்தாகக் கழன்று வந்தது.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைச் சைக்கிள் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, அம்மா சைக்கிளுக்கு இதே மரையில தட்டைப் பெடல் வேணும்."

கடைக்காரர் முனிராஜ் பெடல்களைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒஸ்தி பெடல் பாப்பா. அந்தச் சைக்கிள்ல தட்டைப் பெடல் போட்டா எல்லாரும் சிரிப்பாங்க."

"விழுந்தாலும் சிரிக்கிறாங்க அண்ணா."

முனிராஜ் சிரித்துவிட்டார். "ஸ்வல்ப இரு" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு, பெட்டிகளைக் கிளறி, அகலமான கறுப்புப் பெடல் ஜோடி ஒன்றை எடுத்தார். மேலே சின்னச் சின்ன முட்கள் இருந்தன. ஷூ வழுக்காமல் இருப்பதற்கு. "மாட்டிப் பாரு. அம்மாவுக்குப் பிடிச்சா அப்புறம் பேசிக்கலாம்."

சாயங்காலத்துக்குள் பெடல்கள் ஏறிவிட்டன. அப்பா வந்து இரண்டையும் இறுக்கிப் பார்த்தார். ஆடவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு தர்ஷினி அம்மாவின் போர்வையை இழுத்தாள்.

"ஒரே ஒரு தடவை வாம்மா. அப்புறம் நீ கொடுத்துடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அம்மா வழக்கமாக நடக்கப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் மெதுவாகத்தான் மிதித்தார். திருப்பம் வந்தது. அதைத் தாண்டினால் அதே சிக்னல்.

அவர்கள் பக்கத்தில் போகும்போது விளக்கு சிவப்பானது.

அம்மாவின் விரல்கள் பிரேக்கை இறுகப் பிடித்தன. பயத்தில் குதிகாலை வெளியே திருப்பினார். கழற்ற அங்கே எதுவும் இல்லை. கால் தானாக இறங்கித் தரையில் ஊன்றியது. அம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தர்ஷினி மூச்சையே விடவில்லை.

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டார்.

பின்னால் வந்து நின்ற ஒருவர், ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக, பெடலை உற்றுப் பார்த்தார். "ரோடு பைக்ல இந்தப் பெடலா மேடம்?"

"ஆமாங்க" என்றார் அம்மா. "என் பொண்ணு மாட்டினது."

பச்சை விளக்கு எரிந்ததும் அம்மாதான் முதலில் கிளம்பினார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தர்ஷினி போதும் என்றாள். அம்மா கேட்கவில்லை. இன்னொரு சுற்றும் போனார்கள்.

ஏரிக்கரையில் இளைப்பாறும்போது போன் அடித்தது. சைக்கிள் பார்க்க வருகிறவர்.

"சார், மன்னிச்சுக்கோங்க. சைக்கிள் கொடுக்கிறதா இல்லை" என்றார் அம்மா. தர்ஷினியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "மாட்டிக்கிற பெடலும் அதோட ஷூவும் இருக்கு. வேணுமா?"

மறுபக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என் மனைவிக்குத்தான் சைக்கிள் தேடிட்டு இருக்கேன். பெடலையும் ஷூவையும் இப்பவே வாங்கி வெச்சுக்கிறேன்" என்றது குரல். "ஷூ என்ன சைஸ் மேடம்?"