குழம்புச்சட்டி யாருக்குச் சொந்தம்?

“மன்னிக்கவும். ‘ஏழுகாவல்’ தொடராட்டத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலவில்லை. பங்காளர்களின் ஒப்புதல் இன்னும் வரவில்லை” என்றது கைக்கருவிக்குள்ளிருந்த மூலங்காணி. மூன்றாவது தடவை. அதுவும் தேன் தடவிய குரலில்.

“என் ஆட்டத்த நான் குடுக்கதுக்கு எவன் ஒப்புதல் வேணும்?” என்று கத்திவிட்டாள் பூங்கோதை. தூத்துக்குடித் துறைமுகத்தின் காத்திருப்புக் கூடத்தில் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து முறைத்தார்.

சாயங்காலம் கப்பல். அது அவளை ஆழ்கடல் ஆய்வு நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். இரண்டு வருஷம் வேலை. அங்கே இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, கப்பலேறும்போதே கைக்கருவியை வாங்கிவைத்துக்கொள்வார்கள். உரிமையாளர் தலைகாட்டாத ஆட்டத்தை இணையமேசை நிறுவனம் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, கூறுபோட்டு வேறு குழுக்களுக்கு விற்றுவிடும். விதி அப்படி. அதற்குள் ஏழுகாவலைக் கூட ஆடும் தாவூதின் கையில் ஒப்படைத்தாக வேண்டும்.

ஏழுகாவல் ஒரு கடல்நாடு. பூமியில் எங்கும் கிடையாது. ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் நாலு பேர் அவரவர் வீட்டிலிருந்தபடி இணையமேசையில் கூடி, பேசிப்பேசியே உண்டாக்கிய நாடு. கதையை நடத்துபவள் பூங்கோதை, அவள் காட்சியைச் சொல்வாள். மற்ற மூவரும் தங்கள் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று சொல்வார்கள். தாயக்கட்டை உருண்டு ஜெயமா தோல்வியா என்று தீர்க்கும். சொல்லச்சொல்ல எல்லாம் அவர்கள் கண்முன்னே எழுந்து நிற்கும். பூங்கோதை பிறந்ததிலிருந்து உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று அவளே நினைத்தாள். திரும்பி வரும்போது அது உயிரோடிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கற்பனைப் பங்குச் சட்டம் வந்ததோடு பிடித்தது சனியன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மூலங்காணியைப் பொருத்திவிட்டார்கள். பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிக் கேட்டு, எந்தப் பொருள் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று அது கண்டுபிடித்துவிடும். முதலில் சொன்னவருக்கே அது சொந்தம்.

இதில் பூங்கோதை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டிருந்தாள். நம் ஆட்கள் நாலு மணி என்றால் நாலரைக்குத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு அவள் ஒரு வழி செய்தாள்: முதலில் வந்து சேருபவர் அன்றைக்கு ஏழுகாவலில் புதிதாக ஒன்றுக்குப் பேர் வைக்கலாம். அதன்பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வங்கியில் வேலைபார்க்கும் செல்வமீனாள் ஒருநாள் பசியோடு வந்து, கடற்பூதத்துக்குக் குழம்புச்சட்டி என்று பேர் வைத்தாள். கப்பித்தான் என்ற கப்பல்தலைவனாக ஆடும் ஜெபராஜ் கல்யாணமான புதிதில் தலைநகருக்கு மாமியார்பட்டணம் என்று வைத்தான். தாவூது வடக்கேயிருந்து வீசுகிற காற்றை அத்தர்க்காற்று என்றான். இப்படியே ஐந்து வருஷம்.

அவள் ஜெபராஜைக் கூப்பிட்டாள்.

“ஒப்புதல் ஏன் குடுக்கல?”

“குடுக்கதுக்கு என்ன கோதை? ஒரே ஒரு நிபந்தனை. என் கப்பித்தான் சாகக்கூடாது. குழம்புச்சட்டியக் குத்திக் கொன்னுட்டு அவன்தான் ராசாவாகணும். இத தாவூது எழுதித் தரட்டும்.”

“அவன் என்ன, உனக்கு சாசனமா எழுதித் தருவான்?”

“அவன் கைக்குப் போனபெறவு என் கப்பித்தான சமையக்காரன் ஆக்கிட்டான்னா நான் யார்ட்டப் போய் அழ?”

செல்வமீனாள் அதற்கு மேல் இருந்தாள். “ஒப்புதல் போட நான் ரெடிதான்டி. ஆனா குழம்புச்சட்டிய யாரும் தொடப்படாது. முக்கியமா அந்த ஜெபராஜோட கப்பித்தான். அது என் புள்ள மாதிரி.”

“அக்கா, அது ஊரையே முழுங்குற பூதம்க்கா!”

“இருக்கட்டுமே. ஆருக்குத்தான் பசிக்கல?”

கடைசியில் தாவூது இணைப்பில் வந்தான். அவன் குரலே செத்துப்போயிருந்தது. “கோதை, என் அத்தர்க்காத்த எனக்கு நானே எழுதிக் குடுக்கணுமாம். குடுத்துட்டேன். இப்ப குடுக்கவனும் வாங்குதவனும் ஒரே ஆளா இருக்கான், சந்தேகமா இருக்குன்னு நிறுத்தி வச்சிருக்கு.”

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். கூடத்து ஒலிபெருக்கி கப்பலின் பெயரைச் சொல்லிப் பயணிகளை எழுந்திருக்கச் சொன்னது. திரையின் மூலையில் வேறொரு வழி இருந்தது: ‘எனக்குச் சொந்தமானதை மட்டும் மாற்றுக.’ அதற்கு யார் ஒப்புதலும் வேண்டாம். போங்கடா, நீங்களும் உங்கள் சட்டியும்! ஐந்து வருஷம் தொண்டை கட்டக்கட்டக் கதை சொன்னது நான்தானே. பேரில்லாவிட்டால் என்ன, நாடு இருக்கும். அழுத்திவிட்டாள்.

நால்வரும் மேசைக்கு வந்தார்கள். தாவூதின் பேருக்கு மாறிவந்த ஏழுகாவலில் தலைநகர் இல்லை. பூதம் இல்லை, காற்று இல்லை. கடலே இல்லை.

“கடல் என்னுதுல்லா!” என்று அலறினாள் பூங்கோதை.

“இல்லை” என்றது மூலங்காணி பொறுமையாக. “முதல் ஞாயிறன்று ‘பக்கத்துல கடல் கிடல் இருக்கா?’ என்று ஜெபராஜ் கேட்டார். நீங்கள் ‘இருக்கு’ என்றீர்கள்.”

அவள் சொன்ன நூற்றுக்கணக்கான கதைகளும் அப்படித்தான் போயிருந்தன. யாரோ கேட்டார்கள், அவள் சொன்னாள். அவளுக்கென்று மிஞ்சியது ஓர் இருட்டும், அவள் குரலில் ஒரு கேள்வியும்தான். தாவூது வேறு வழியில்லாமல் அந்தக் கேள்வியைத் தட்ட, அது ஒலித்தது.

“அப்போ, என்ன செய்யப் போறீங்க?”

ஜெபராஜ் பின்வாங்கினான். “மீனாக்கா மொதல்ல சொல்லட்டும்.”

“நல்லாருக்கே! நான் ஒண்ணச் சொல்லி, நீ அதுமேல ஏறி உக்காந்துக்கவா? மொதல்ல ஒரு ஒப்பந்தம் போடுவோம்.”

“ஒப்பந்தத்த எழுதுதவனுக்கு அதுல பங்கு உண்டா?” என்று கேட்டான் தாவூது.

பூங்கோதை பெட்டியை இழுத்துக்கொண்டு கப்பலேறும் வரிசையில் போய் நின்றாள். பாவிகளா, விட்டால் இரண்டு வருஷமும் இப்படியே உட்கார்ந்திருப்பீர்கள்! ஒரு விளக்கு போதும். இருட்டில் ஒரு விளக்கு எரிகிறது என்று சொல்லிவிட்டால் எவனாவது அதை எடுப்பான், எடுத்தவன் நடப்பான், நடந்தால் கதை வந்துவிடும். அவள் வாயெடுத்தாள்.

‘பேசுமுன்: பங்கு கோருகிறீர்களா?’ என்று திரை கேட்டது.

ஐந்து வருஷத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். இதையுமா விட வேண்டும்? இதாவது என் பேரில் இருக்கட்டும். அவள் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

“இருட்டுல ஒரு விளக்கு எரியுது” என்றாள்.

எரிந்தது. அழகான விளக்கு. அதன் அடியில் பொடி எழுத்தில் ‘பூங்கோதை’ என்றிருந்தது.

“அப்பாடா” என்றான் ஜெபராஜ். “என் கப்பித்தான் அந்த விளக்க எடுக்கான்.”

“உரிமையாளரின் ஒப்புதல் தேவை” என்றது மூலங்காணி.

“கோதை, சட்டுனு ஒப்புதல் போடு!” என்று கூவினான் தாவூது. “கோதை? ஏ கோதை!”

கப்பலேறும் வாசலில் காவலர் அவள் கைக்கருவியை வாங்கி, அணைத்து, உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.