உச்சந்தலையில் பிஞ்சு விரல்

குளிக்காத தலையில் குழந்தை சோப்பு வாசனை வருகிறதே என்று முதலில் கேட்டது அவன் மனைவிதான். மகளுடைய சோப்பைத் திருடித் தேய்த்துக்கொள்ளும் அளவுக்கு முடிப் பைத்தியம் முற்றிவிட்டதா என்று கேலி செய்தாள். அவனும் கூடச் சிரித்துவைத்தான். ஆனால் அந்த சோப்பை அவன் தொட்டதே இல்லை.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி. வந்தவருக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு நிமிரும்போதெல்லாம் நாலாபக்கமும் அவன் வழுக்கைதான் பளபளத்தது. இவர் தலை இருக்க லைட் எதற்கு என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்ன அன்று அவமானம் பிடுங்கித் தின்றது. தோல் டாக்டரிடம் ஓடினான். பரம்பரை வாகு, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று அவர் ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் தடவியும் பூனைமுடிதான் எட்டிப் பார்த்தது. வெங்காயச் சாறு, கற்றாழை, வெந்தயப் பற்று என்று எதையும் விடவில்லை. வீடு நாறியதுதான் மிச்சம். கடைசியில் மூலிகை எண்ணெய் காய்ச்சுகிற ஒரு பெண்மணியிடம் போய் நின்றான். அவள் கறுப்பாக ஒரு பாட்டிலை நீட்டி, ஒரே ஒரு கண்டிப்பு போட்டாள்.

"உங்க கையாலதான் தேய்க்கணும். காயற வரைக்கும் வேற யார் கையும் படக்கூடாது. வேர் எங்க இருக்கோ அங்கேருந்து இழுத்துக்கிட்டு வரும் இது."

விற்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் அளப்பார்கள் என்று அதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் பள்ளிக்கூடம் சேராத மகள் குட்டிக்கோ அப்பாவின் தலைதான் விளையாட்டுச் சாமான். சாயங்காலம் அவன் தரையில் உட்கார, அவள் பின்னால் சோபாவில் ஏறி நின்று, சலூன்காரர் மாதிரி செருமிக்கொண்டு, பிஞ்சு விரலால் எண்ணெயைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். மின்விசிறியின் கிறீச் சத்தமும் எண்ணெயின் கசப்பு வாசனையும் அவள் மூச்சின் பால் வாசனையும் ஒன்றாகக் கலந்து அவனுக்குக் கண் சொக்கிவிடும்.

முடி வந்தது. திமுதிமுவென்று வந்தது. முதலாளி லைட் கேலியை விட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தோடு கடைக் கண்ணாடியில் கிட்டே போய்ப் பார்த்தான். சுருள் சுருளாக இருந்தது. லேசான செம்பட்டை. அவனுடையது கோரைமுடி. வீட்டில் சுருட்டைமுடி ஒருத்திக்குத்தான்.

கையிலிருந்த ஃபிரேமை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்குப் போனால் மனைவி குட்டியின் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஏன் இப்படிக் கொட்டுகிறது, சத்துக் குறைவாக இருக்குமோ என்று புலம்பினாள். குட்டியின் உச்சியில் வெளுப்பாக ஒரு வட்டம். அவனுக்கு வழுக்கை ஆரம்பித்த அதே இடம்.

பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தான். மூலிகைக்காரிக்கு போன் செய்தான். யார் கை பட்டது என்று மட்டும் கேட்டாள். பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

வழித்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தான். மொட்டையடித்துக்கொண்டான். விடிந்தபோது தலை நிறைய சுருள். குட்டிக்குத் தலைமுடி மொத்தமும் போய், புருவமும் இல்லை. மறுபடி வழித்தான். மறுபடி வந்தது. குட்டிக்கு இமைமுடியும் போனது.

பிறகு நின்றது.

வழித்த தலை வழித்தபடியே இருந்தது. அவளிடம் எடுக்க இனி ஒன்றும் இல்லை என்று எண்ணி, அந்த எண்ணத்துக்கே கூசி, ஆனாலும் அப்பாடா என்று தரையில் சாய்ந்து உட்கார்ந்தான். பிள்ளை பிழைத்தது, அது போதும்.

பின்னால் சோபா அமுங்கியது. சின்ன விரல்கள் தலையில் பட்டன.

"அப்பா, இங்க கல்லு கல்லா இழுக்கு."

இருக்கு என்பதைக் குழறினாள். எப்போதும் கணீரென்று பேசுகிற பிள்ளை.

அவன் கையை உயர்த்தினான். உச்சந்தலை ஈரமாக இருந்தது. வழவழப்பாக, சின்னதாக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக.

மெல்லத் திரும்பினான்.

குட்டி அவனைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறைய வெறும் ஈறு.