பூசிய கூடு

விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் கொட்டிய மழை சற்றுமுன் ஓய்ந்திருந்தது. பனிமூட்டத்தில் மரங்கள் பாதி வரைந்து விட்டுவிட்ட மாதிரி நின்றன. இந்தக் காட்டில் காலை என்பது தூக்கத்தின் மிச்சம்தான்.

ஆண் இருவாச்சிப் பறவை அத்திப்பழத்தோடு வந்தது. பூசி அடைத்த பொந்தின் பிளவில் பழத்தை நீட்டியது. உள்ளேயிருந்து எந்த அலகும் வரவில்லை. மறுபடி நீட்டிப் பார்த்தது. பிறகு பழத்தோடு பறந்துபோய்விட்டது.

கீழே நின்ற பறவை ஆய்வாளர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் முகாமில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கயிறு போட்டு அவளுக்காக மரம் ஏறுபவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"ஏறிப் பாருடா."

ஏறினான். பிளவில் டார்ச் அடித்தான்.

"குஞ்சு இல்லக்கா. பூச்சு முழுசா இருக்கு. ஆனா இப்பத்தான் பூசின மாதிரி ஈரமா இருக்கு."

தாய்ப்பறவை வெளியே வந்தபின் குஞ்சே எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசிக்கொண்டு உள்ளே இருந்தது. தலை நுழையாத பிளவு. பறக்கவும் தெரியாது. பூட்டிய அறையிலிருந்து ஆள் மாயமாவதெல்லாம் கதைக்குச் சரி. இங்கே யாரோ உடைத்து, எடுத்து, திரும்பப் பூசியிருக்கிறார்கள்.

காலை வெயில் இலைகளுக்குள் வழிதெரியாமல் அலைந்துகொண்டிருந்தபோது வனத்துறை ரேஞ்சரின் ஜீப் வந்தது. மறைகூண்டில் ஒளிந்து பறவைகளைப் படமெடுக்க முகாமுக்கு விருந்தாளியாக வந்திருந்த புகைப்படக்காரரை ஊருக்குக் கூட்டிப்போக வந்தவர், குஞ்சைக் காணோம் என்றதும் நேரே தம்பியிடம் போனார்.

"இந்த மரத்துல யார் ஏறுவாங்க?"

"நான்தான் சார். போன வாரம் படம் எடுக்கணும்னு கேட்டாரு, இவரையும் ஏத்திவிட்டேன்."

"பாதி மரத்துலயே தலை சுத்தி இறங்கிட்டேனே தம்பி," என்று சிரித்தார் புகைப்படக்காரர்.

"கயிறு எங்க இருந்துச்சு?"

"முகாம் வராந்தாவுல. காஞ்சுதான் சார் இருந்துச்சு, நேத்து சாயங்காலம்."

பூதக்கண்ணாடி தலையைத் திருப்பிக்கொண்டாள். காலையில் அந்தக் கயிற்றைத் தூக்கியதே அவள்தான். மழை படாத இடத்தில் இருந்தும் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தம்பியைத் தவிர யார் தொடப்போகிறார்கள்? ரேஞ்சரிடம் மறைக்கவும் மனம் வரவில்லை, சொன்னாள்.

"அப்ப ஜீப்புல ஏறுப்பா," என்றார் ரேஞ்சர். தம்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

அவள் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். கூட்டுக்கு நேர்கீழே, நான்கு குச்சிகளில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. குஞ்சு துப்பும் விதையும் எச்சமும் அதில்தான் விழும். அதைப் பொறுக்கி எண்ணுவதுதான் அவள் ஆராய்ச்சியே. நேற்று மாலை வழக்கம்போல் காலிசெய்துவிட்டுப் போனாள். ஈரத்துணி வெளிச்சத்தில் பளபளத்தது. கண் கூசி மூடிக்கொண்டது. மூடிய கண் சட்டென்று திறந்தது.

எழுந்து புகைப்படக்காரரிடம் போனாள்.

"நீங்க எப்போலேர்ந்து மறைகூண்டுல இருந்தீங்க?"

"இருட்டுலேயே வந்துட்டேன். மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கல."

"ஆண் வந்துச்சா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நடை வந்துச்சே! குஞ்சும் வாங்கிச் சாப்பிட்டுச்சு."

"கீழ யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா வரல."

"ரேஞ்சர் சார், கொஞ்சம் இந்தத் துணியைப் பாருங்க."

"ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதான் சார் விஷயம். ராத்திரி பூரா மழை. ஒரு இலைகூடவா விழாது? பொந்தை உடைச்சப்போ விழுந்த பூச்சை மறைக்க யாரோ துடைச்சுட்டாங்க. துடைச்சப்புறம் குஞ்சு சாப்பிட்டிருந்தா விதை கிடக்கணும். சாப்பிட்டப்புறம் துடைச்சிருந்தா, கண்ணை எடுக்காத இவர் துடைச்ச ஆளைப் பார்த்திருக்கணும். எப்படிப் பார்த்தாலும் இவர் சொல்றது பொய்."

"உங்க தம்பி துடைச்சிருக்கலாமே?" என்றார் புகைப்படக்காரர்.

"அவனா? இந்தத் துணியில ஒரு சருகு குறைஞ்சாலும் நான் வீட்டை ரெண்டு பண்ணுவேன்னு அவனுக்குத் தெரியும். அவன் எடுத்திருந்தா பூச்சுத்தூளை மட்டும் பொறுக்கிட்டு இலையை விட்டிருப்பான். மழைக்குக் கட்டின சும்மா துணின்னு நினைச்சவர்தான் சுத்தமாத் துடைப்பார். தலை சுத்தினது நடிப்பு. உங்க பெட்டியைத் திறங்க."

லென்ஸ் பெட்டியில், பஞ்சு மெத்தைக்கு நடுவில், குஞ்சு உயிரோடிருந்தது. ரேஞ்சர் தன் ஜீப்பிலேயே அது கடத்தப்பட இருந்ததை நினைத்து, இருமுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். குஞ்சை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அதைத் திரும்பக் கூட்டில் விட, மரமேறும் இடுப்புப்பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நான்தான்னு நினைச்சியாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

"நினைச்சேன்டா. துணியைப் பார்க்கிற வரைக்கும்."

அவன் முகம் வாடியது. பனி இன்னும் உச்சிக்கிளைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. "பாதுகாப்புக் கயித்தை நான் பிடிக்கிறேன்ப்பா," என்று ரேஞ்சர் கையை நீட்டினார்.

"வேணாம் சார், அக்காகிட்டயே குடுங்க," என்றான் தம்பி. "இன்னிக்கு அவ என்மேல வச்ச கண்ணை எடுக்கமாட்டா."