ஊழித் தாமரையின் ஏழாம் இதழ்

மேற்கு வானில் செம்பஞ்சுக் குழம்பைக் கரைத்து ஊற்றியது போலக் கதிரவன் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே கடலோரப் பனைகளின் பின்னாலிருந்து சித்திரை முழுமதி எழப்போவதை அறிவிப்பது போல அடிவானம் மெல்ல வெளுக்கத் தொடங்கிய அந்த அந்திப் பொழுதில், சேலாற்றின் அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு சிறு படகு நடுத்தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வடகரையில் புன்னை நாட்டுக் கோட்டை. தென்கரையில் வேங்கை நாட்டுக் கோட்டை. இரு கரைப் படித்துறைகளிலும் மக்கள் தோளோடு தோள் உரச நின்று, அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி அங்கே என்ன இருந்தது என்று, அன்பு வாசகர்களே, நீங்கள் கேட்பது நியாயந்தான். இரண்டு ஆள் உயரத்தில் வெண்கலத் தாமரை ஒன்று அங்கே நின்றது. நடுவில் அணையா விளக்கு. சுற்றிலும் எட்டுத் திசைகளுக்கு எட்டு இதழ்கள். நூறாண்டுகளுக்கு முன் இவ்விரு நாடுகளும் அணைகளை உடைத்தும் கிணறுகளில் நஞ்சிட்டும் போரிட்டு, பத்துப் பேரில் ஒருவர் மட்டும் மிஞ்சிய காலத்தில், அந்த மிஞ்சியவர்கள் ஒன்றுகூடி வார்த்த தாமரை அது. ஆண்டுதோறும் சித்திரை முழுமதியன்று ஒரு மருத்துவர், ஓர் உழவர், ஒரு சிற்பி, ஒரு மாலுமி, பிள்ளைப்பேறு பார்க்கும் ஒரு மருத்துவச்சி ஆகிய ஐவர் தீவில் கூடுவார்கள். கடல் கடந்த நாடுகளின் செய்திகளையும் உள்நாட்டுச் செய்திகளையும் அலசி, மனித குலம் தன் கையாலேயே தன்னை அழித்துக்கொள்ளும் நாள் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று கணிப்பார்கள். நெருங்கியிருந்தால் ஓர் இதழ் மூடப்படும். விலகியிருந்தால் மூடிய இதழ் திறக்கப்படும். எட்டும் மூடினால் ஊழி.

இதழ் மூடும் விதமோ மிக எளிது. ஒவ்வோர் இதழின் அடியிலும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு கீல்; கீலுக்கு உட்புறம் ஏற்றமரத்தின் வால் போல ஒரு சிறு நீட்சி. அதில் கட்டிய பித்தளைக் கம்பி, குழலான தண்டின் வழியாகத் தரைக்குக் கீழே இறங்கி, கல்தொட்டியில் மிதக்கும் ஒரு கனத்த குடத்தில் முடியும். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் நீர் வடியும். நீரோடு குடம் இறங்கும். குடம் கம்பியை இழுக்க, இதழ் மேலே எழும். சடாரென்று எழாமல் ஒரு நாழிகை நேரம் எடுத்துக்கொண்டு, இரு கரையும் கண்ணாரக் காணும்படி எழும். அதைச் செய்தவர்கள் மனித மனத்தை அறிந்தவர்கள்!

இப்போது ஆறு இதழ்கள் மூடியிருந்தன. ஏழாவது மூடினால் ஒரு கட்டளை உண்டு: இரு நாட்டு மன்னர்களும் ஆயுதமின்றித் தீவுக்கு வந்து, ஒரே இலையில் உண்டு, உடன்பாடு காணும்வரை கரை திரும்பக் கூடாது. ஆனால் பனைகளின் தலைக்கு மேலே நிலவு ஏறுவதற்குள் இதழ் அசையத் தொடங்காவிட்டால், அந்த ஆண்டின் தீர்ப்பு செல்லாது. இரு கோட்டைகளிலும் நீரில் ஊற்றினாலும் அணையாத எரிதைலம் ஆயிரம் சாடிகளில் காத்திருந்த அந்த ஆண்டில், இன்னோர் ஆண்டு பொறுப்பதற்கு ஆறும் இருக்காது, கரைகளும் இருக்கா.

படகில் இருந்த இளைஞன் தன்னைப் பூவன் சாத்தன் என்றும், வெண்கல வேலை செய்யும் கன்னான் என்றும் சொல்லிக்கொண்டான்.

"கன்னான்னு சொல்றே தம்பி, கையைப் பாத்தா அப்படித் தெரியலையே!" என்றான் படகோட்டி மாடன். "ஒரு சூட்டுத் தழும்பைக் காணோம். நெய்ச்சோறு பிசைஞ்ச கை மாதிரியில்ல இருக்கு?"

"கவனமாக வேலை செய்பவன் கை சுடாது, அண்ணே."

"ஆமாமா, வேலையே செய்யாதவன் கையும் சுடாது!"

சாத்தன் சிரித்து மழுப்பினான். மூன்று நாளைக்கு முன் நடந்த ஒத்திகையில் ஏழாம் இதழ் அசைய மறுக்கவே, தீவின் காவல் நங்கை இளங்கொற்றி வடகரைக்கு ஓலை அனுப்பி ஒரு கன்னானை அழைத்திருந்தாள். அந்த ஓலை புன்னை நாட்டு அரண்மனையின் கையில் சிக்கியது. கன்னானுக்குப் பதிலாக வந்தவன் இவன். இவனுடைய பையில் உலைச்சட்டி, ஊதுகுழல், ஓர் ஈயக் கட்டி. பழுது பார்ப்பது போல நடித்து, அந்த இதழ் என்றைக்குமே எழாதபடி கீலில் ஈயத்தை ஊற்றிவிட்டு வர வேண்டும் என்பதே இவனுக்கு இடப்பட்ட ஆணை.

தீவின் துறையில் இளங்கொற்றி நின்றிருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த சேலையும், காதோரம் செருகிய விளக்குத் திரியுமாக நின்ற அவளைக் கண்டு, சாத்தன் சொல்ல வந்த முகமனை ஒரு கணம் மறந்துபோனான்.

"தாமதமாக வந்தீர், கன்னாரே. ஐவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அரை நாழிகைதான் இருக்கிறது" என்றாள் அவள்.

"மூடுவது என்றா தீர்ப்பு? சாடிகளைக் கண்டு இத்தனை அச்சமா, அம்மணி?"

அருகே அமர்ந்திருந்த ஐவருள் ஒருவரான மாலுமி உதுமான் தலை நிமிர்ந்தார். "தம்பி, போன தை மாதம் கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்திற்குப் போனோம். அங்கேயும் ரெண்டு ராசா, ரெண்டு பேர் கிட்டேயும் இதே தைலம். நாங்க போனபோது துறைமுகம் இல்லை, கரிதான் இருந்தது."

"வென்றவர் யார்?"

"மூணு நாள் தேடினோம் தம்பி. வென்றவர் கிடைக்கவில்லை."

சாத்தன் தாமரையின் அடியில் போய் மல்லாந்து படுத்தான். இளங்கொற்றி குனிந்து விளக்கைப் பிடித்தாள்.

"இதழ் மூடினால் ஊழி வந்துவிடுமென்று எங்கள் கரையில் அஞ்சுகிறார்களே?" என்று கேட்டான்.

"உங்கள் கரையில் மட்டுமா? தென்கரையார் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள், மூடாதே தாயே என்று. நாடி பார்த்துக் காய்ச்சல் என்று சொன்ன வைத்தியரையா காய்ச்சலுக்குக் காரணம் என்பீர்? தாமரை எதையும் வரவழைப்பதுமில்லை, தடுப்பதுமில்லை. பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். பார்த்தபின் செய்ய வேண்டியது மனிதர் வேலை."

அவன் விரல் கீலைத் தடவியது. கரியும் மெழுகும் பூசி மறைத்த ஓரிடம். சுரண்டினான். உள்ளே ஈயம்! யாரோ அவனுக்கு முன்பே வந்து அதே வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அவசரத்தில் முழுதும் உருகாமல் நின்ற ஈய விளிம்பில், வேங்கை நாட்டு அரண்மனைப் பண்டாரத்தின் புலி முத்திரை பாதி தெரிந்தது.

சாத்தன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு? நிலவு ஏறிக்கொண்டிருக்கிறது!"

இனி அவன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. 'சரிசெய்ய முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரு மன்னர்களும் நிம்மதியாக உறங்குவார்கள். மேலே அவள் இன்னும் அவனுக்காக விளக்கைத் தாழ்த்திப் பிடித்திருப்பதைப் பார்த்தான். கிடைக்காத அந்த வென்றவரை நினைத்தான். பிறகு தன் பைக்குள் கைவிட்டு, புன்னைப்பூ முத்திரை பதித்த ஈயக் கட்டியை எடுத்து அவள் பாதத்தருகே வைத்தான்.

"அம்மணி, இந்த ஒரு விஷயத்திலாவது நம் இரு அரண்மனைகளும் ஒத்துப்போகின்றன! இதழின் வாயை அடைத்தது வேங்கை மன்னர். அடைக்க அனுப்பப்பட்டவன் நான்."

இளங்கொற்றியின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. "எழுந்திரும், ஒற்றரே!"

"எழுந்தால் ஈயத்தை யார் உருக்குவது? கழுத்தில் கத்தியை வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. நெருப்பை மட்டும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்."

அவள் ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். கத்தியை எடுக்கவுமில்லை, உறையில் அழுத்தவுமில்லை. காலால் உலைச்சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

ஈயத்திற்கு ஒரு குணம் உண்டு, வாசகர்களே. வெண்கலம் சூடேறிச் சும்மா இருக்கும்போதே ஈயம் உருகி ஓடிவிடும். ஆகவே ஈயத்தை ஊற்றக் கொண்டுவந்த அதே நெருப்பும் அதே ஊதுகுழலும் அதை வெளியேற்றவும் போதுமானவையாக இருந்தன. சாத்தன் கன்னம் உப்ப ஊதினான். ஒரு துளி தெறித்து அவன் புறங்கையைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினான். வெள்ளிக் கண்ணீர் போல ஈயம் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது.

"பிடுங்குங்கள் அடைப்பை!"

தொட்டி நீர் களகளவென்று வடிந்தது. குடம் இறங்கியது. பனைகளின் கொண்டையை நிலவு தொட்ட வேளையில், ஏழாம் இதழ் ஒரு முனகலோடு அசைந்து, மெல்ல, மிக மெல்ல எழுந்தது. மருத்துவச்சி தன்னையறியாமல், "வந்துடுச்சு, தலை தெரியுது!" என்று கூவ, மற்ற நால்வரும் சிரித்துவிட்டார்கள். இரு கரைகளிலும் சங்குகள் முழங்கின. சற்றைக்கெல்லாம் தென்கரையிலிருந்து கொடியில்லாத ஒரு படகு புறப்பட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வேங்கை மன்னர் வராமல் இருக்க முடியுமா?

வடகரையில் அசைவில்லை.

"உங்கள் மன்னர் வரமாட்டார் போலும்" என்றாள் இளங்கொற்றி.

"வருவார். மகன் இங்கே இருக்கும்போது வராமல் எப்படி?" சாத்தன் மணலிலிருந்து எழுந்து, இன்னும் திறந்திருந்த எட்டாம் இதழின் வழியே விழுந்த விளக்கொளியில், இரு கரைக்கும் தெரியும்படி நின்று உரத்துச் சொன்னான்: "புன்னை நாட்டு இளவரசன் எயினன் நான்! இரு கோட்டைச் சாடிகளும் காலியாகி, இந்த இதழ் மீண்டும் திறக்கும்வரை இத்தீவை விட்டு நகரேன். இது என் வாள்மேல் ஆணை!"

"வாள் எங்கே?" என்றாள் அவள்.

"கரையிலேயே விட்டுவந்தேன்."

"அப்படியானால் ஊதுகுழல்மேல் ஆணை என்று மாற்றிச் சொல்லும்."

மாற்றிச் சொன்னான். அப்போது வடகரைத் துறையில் ஒரு பந்தம் எரிந்தது. பிறகு துடுப்புகள் நீரில் விழும் ஓசை கேட்டது. இளங்கொற்றி காதோரத்திலிருந்த திரியை எடுத்து இளவரசனின் கையில் வைத்து, சுட்ட புண்ணைக் கண்டு, கூடவே கொஞ்சம் விளக்கெண்ணெயும் தடவினாள்.

"தங்குவதானால் திரி திரிக்கக் கற்றுக்கொள்ளும், இளவரசே. இந்தத் தீவில் சும்மா இருப்பவருக்குச் சோறு கிடையாது."